இரவல் இருமல்

பதுளை டவுனில் எங்கள் ஒழுங்கைக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்ட கையோடு அடுத்துக் கேட்பது, "நல்ல டொக்டர் யாருங்க?" என்பதுதான். போன மாதம் பக்கத்து வீட்டுக்கு வந்த டீச்சரம்மாவும் அதையே கேட்டார். நான் சட்டென்று பெயர் சொல்லிவிடுவதில்லை. "உங்களுக்கு எப்பிடிப்பட்ட டொக்டர் வேணும்?" என்று திருப்பிக் கேட்பேன். டொக்டரில் என்ன அப்படி இப்படி, காய்ச்சலைக் குணமாக்கினால் போதாதா என்பதுபோலப் பார்ப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கேள்வி என்னுடையதே இல்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் மேல் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருந்த அக்காவுடையது.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணி அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். மற்றபடி சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்தவரான என் அப்பாவும் "அக்காவக் கூப்பிடு" என்றுதான் சொல்வார். சின்ன வயதில் பண்டாரவளைப் பக்கம் ஒரு சிங்கள வாத்தியார் வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போயிருந்து, கல்யாணத்துக்குத் திரும்பி வரும்போது சிங்களத்தையும் கூட்டிக்கொண்டு வந்தவர். லயத்து ஆண்களுக்கும் சிங்களம் தெரியும்தான். ஆனால் அது கடைச் சிங்களம். அதை வைத்துச் சீனியும் பருப்பும் வாங்கலாம். வயிற்றில் எந்த இடத்தில், எப்படி வலிக்கிறது என்று சொல்ல அது காணாது. அதனால் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் முதலில் அக்கா, அப்புறம்தான் டொக்டர்.

டொக்டரிடம் போகிற நாளில் அக்கா ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டுவார். கொழுந்துக் கறை படிந்த விரல்களை எலுமிச்சைத் தோலால் தேய் தேய் என்று தேய்ப்பார். கையில் மழைக்கும் வெயிலுக்கும் ஒரே கறுப்புக் குடை. நோயாளியையும் சும்மா விடமாட்டார். "காய்ச்சலா இருந்தா என்னா, மூஞ்சிய கழுவ முடியாதா? பவுடர் போடு. நம்மளப் பாத்ததும் அவங்க நாற்காலிய பின்னால தள்ளக்கூடாது" என்பார். காய்ச்சலில் வாய் கோணிக்கொண்டு, முகம் நிறையப் பவுடரோடு பஸ் ஏறியவர்கள் எங்கள் லயத்தில் அநேகம் பேர்.

உள்ளே போனதும் நோயாளிக்கு ஸ்டூல், அக்காவுக்குப் பேச்சு. நாம் ஒரு வரி சொன்னால் அவர் பத்து வரி சொல்வார். "தலை வலிக்குதுக்கா" என்றால், அது சிங்களத்தில் போய்ச் சேரும்போது, இந்தப் பெண்ணுக்குத் தலை இடிக்கிறது, வெளிச்சம் ஆகவில்லை, ராத்திரி தூக்கமில்லை, இவள் தங்கமான பிள்ளை, மாமியார் சரியில்லை என்பதுவரை நீளும். கேட்டால், "ஒரு வரி சொன்னா ரெண்டு மாத்திரையோட அனுப்பிருவாங்க. நம்மளயும் ஒரு ஆளா நெனைக்கணும்னா கொஞ்சம் சேத்துத்தான் சொல்லணும்" என்பார். சொல்வது மட்டுமா, நடித்தும் காட்டுவார். இடுப்பு வலி என்றால் இவர் கை இடுப்புக்குப் போகும். மூச்சு முட்டல் என்றால் இவர் நெஞ்சு ஏறி இறங்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு யார் நோயாளி என்றே பிடிபடாது.

அந்த நாளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வயதான டொக்டர் இருந்தார். லயம் முழுவதற்கும் அவர்தான். அவருக்குக் கைராசி என்பது அக்காவின் தீர்ப்பு. டவுனுக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும். அதனால் ஒருவர் போகும்போது மற்றவர்களின் நோயையும் அக்கா எடுத்துக்கொண்டு போவார். ஆள் லயத்தில் இருக்கும், இருமல் அக்காவோடு பஸ் ஏறும். "இது நடு லயத்துப் பெரியவரோடது" என்று சொல்லிவிட்டு நெஞ்சுக்குள்ளிருந்து கொரகொரவென்று இருமிக் காட்டுவார். "இது கொழுந்து நிறுக்கிற தம்பியோடது" என்று வறட்டு இருமலாக இன்னொன்று. டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாராம். சிரித்துவிட்டு மருந்தும் எழுதுவாராம். தப்புத்தான், ஆளைப் பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா என்று இன்று நான் யாரிடமும் நியாயம் பேசலாம். அன்று அந்தச் சிரப்பைக் குடித்துத்தான் நாங்கள் எல்லோரும் பிழைத்துக் கிடந்தோம்.

அந்த டொக்டர் திடீரென்று கடையை மூடிவிட்டு வெளிநாட்டில் மகனோடு இருக்கப் போய்விட்டார். சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது லயம். இனி யாரிடம் போவது?

அக்கா அசரவில்லை. என் அப்பாவிடம் வந்து, "ஓங்க இருமல கொஞ்சம் குடுங்க. ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவோம்" என்றார். அப்பாவுக்கு எந்த மருந்துக்கும் அசையாத இருமல் ஒன்று நிரந்தரமாக இருந்தது. அதை வைத்து டவுனில் இருக்கிற டொக்டர்மாரை எல்லாம் சோதித்துப் பார்ப்பது என்பது அக்காவின் திட்டம். "இந்த மாரி இருமல் எல்லார்கிட்டயும் இருக்காதுண்ணே" என்று வேறு புகழ்ந்தார். அப்பாவும் அதில் குளிர்ந்துபோய்ச் சரி என்றுவிட்டார். நான் அப்போது ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்ததால் எனக்கும் ஒரு பஸ் பயணம் கிடைத்தது.

முதல் டொக்டர் தலை நிமிரவில்லை. அக்கா தன் பத்து வரியை ஆரம்பித்தபோதே எழுதத் தொடங்கிவிட்டார். அக்கா வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினார். டொக்டர் நிறுத்தவில்லை. வெளியே வந்து, "நான் பேச்ச நிறுத்திட்டேன், அந்தாளு எழுதுறத நிறுத்தல. அப்ப யாரு வியாதிய எழுதுனாராம்?" என்று மருந்துத் துண்டைக் கசக்கினார். இரண்டாவது இடத்தில் ஏசி, மீன் தொட்டி. எந்தத் தோட்டம் என்று கேட்ட டொக்டர், பதில் முடியுமுன் நாற்காலியைச் சற்றே பின்னால் தள்ளினார். நாங்கள் கவனித்திருக்கவே மாட்டோம். அக்கா எழுந்துவிட்டார். "மீனுக்குக் குடுத்த எடம்கூட நமக்கு இல்ல. எந்திரிங்கண்ணே."

மூன்றாவது டொக்டர் நல்ல மாதிரி. நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டார். அக்காவின் முகம் மலர்ந்தது. பிறகு அவர், இவர் குடிப்பாரா என்று கேட்டார். அக்கா அப்பா பக்கம் திரும்பக்கூட இல்லை. இல்லவே இல்லை, வேதக்காரர்போல நல்ல மனுசன் என்று சொல்லிவிட்டார். அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் அக்காவைப்போல வேதக்காரர்களும் இல்லை, அப்பா குடிக்காதவரும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது அப்பா கேட்டார். "ஏங்க்கா அப்பிடி சொன்னீங்க?"

"குடிக்கிறவன்னு சொல்லிட்டா அப்புறம் அவரு கண்ணுக்கு நீங்க குடிகாரன்தான். ஓங்க இருமலு தெரியாது. தோட்டத்து ஆளுன்னா ஏற்கனவே அப்பிடித்தான் நெனைக்கிறாங்க. நானும் எடுத்துக் குடுக்கணுமா?"

இன்றும் அக்கா சொன்ன நியாயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை அப்பா வழக்கம்போலக் குடித்தார், வழக்கமில்லாத அந்த மூன்றாவது டொக்டரின் மாத்திரையையும் போட்டார். குடிக்காத மனிதனுக்குக் குடிக்காதே என்று டொக்டர் எதற்குச் சொல்லப்போகிறார்? கண் சொருகி, லயத்துச் சாக்கடைக் கானில் விழுந்து புருவம் கிழிந்து, நாலு பேர் தூக்கிவந்து போட்டார்கள். காலையில் அக்கா கஞ்சியோடு வந்து உட்கார்ந்தார். அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "அந்த டொக்டருக்குக் கைராசி இல்ல" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கஞ்சிப் பாத்திரத்தை வாங்கி வெளியே வைத்துவிடலாம் போல இருந்தது. அவர் கையைப் பார்த்தேன். குடையின் பிடியைப் போட்டுத் திருகிக்கொண்டே இருந்தது. கஞ்சியை வாங்கி அப்பா பக்கத்தில் வைத்தேன்.

கடைசியாகப் போனதுதான் நோனாவிடம். கடைத்தெருவுக்கு மேலே ஒரு மாடியில், சாயங்காலம் மட்டும் பார்க்கிற சிங்கள டொக்டரம்மா. முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். அக்கா வழக்கம்போல அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நோனா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சிரித்த முகத்தோடு, தட்டுத் தடுமாறிய தமிழில் சொன்னார். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. ஐயா பேசட்டும்."

அக்காவை யாரும் அதுவரை வெளியில் இருக்கச் சொன்னதில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்து, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அப்பாவின் குரல் கேட்டது, நோனாவின் குரல் கேட்டது, பிறகு இரண்டு பேரும் சிரிப்பதும் கேட்டது. அக்காவின் முகம் வாடிப்போனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"என்னா கேட்டாங்க?" அப்பா வந்ததும் வராததுமாக அக்கா கேட்டார்.

"குடிப்பீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

"ஏசுனாங்களா?"

"இல்ல. எவ்வளவுன்னு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்சம் கொறைச்சுத்தான் சொன்னேன்."

அக்கா நோனாவை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். "வாயி இருக்கு, தமிழ் இல்ல. அரைகுறைத் தமிழ வெச்சிக்கிட்டு ஆள வெளிய அனுப்புறாங்க. நாளைக்கு வயிறுன்னா கழுத்துன்னு வெளங்கிக்கிட்டு மருந்து குடுக்கும்." ஆனால் எங்கள் வீட்டில் தீர்ப்பு வேறாக இருந்தது. அப்பாவின் இருமல் முழுக்கப் போகவில்லை, பாதி போனது. அதுவே பெரிய விஷயம். பிறகு ஒரு நாள் அம்மா யாரிடமும் சொல்லாமல் தனியாக நோனாவிடம் போய்விட்டு வந்தார். என்ன சொன்னார், என்ன மருந்து என்று அக்கா வாசலில் நின்று எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தார். "சும்மா ஒரு இதுக்கு" என்றதற்கு மேல் அம்மா வாயைத் திறக்கவில்லை. அது என்னவென்று எனக்கும் இன்றுவரை தெரியாது. வருடக்கணக்காகச் சுமந்துகொண்டிருந்த எதையோ எங்கோ இறக்கி வைத்துவிட்டு வந்தவர்போல அன்றைக்கு அம்மா நன்றாகச் சாப்பிட்டார். அது மட்டும் தெரியும்.

அம்மாவைப் பார்த்து அடுத்த காம்பரா, அதைப் பார்த்து நடு லயம். முக்கியமாகப் பெண்கள். பவுடர் போடாமலே பஸ் ஏறினார்கள். அக்கா தண்ணீர்ப் பீலியில் துணி துவைத்துக்கொண்டே யார் போகிறார்கள் என்று பார்ப்பார். "போங்க, போங்க. வயித்து வலிக்கு காது மருந்து வாங்கிட்டு வாங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவ்வளவு நன்றாக இருக்காது. பூசைச் சேலை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றாகிவிட்டது.

இரண்டு மூன்று வருடம் போயிருக்கும். நான் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, மீட்டர் கணக்கில் சிங்களமும் படித்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் கடை வாசலில் அக்கா நின்றார். பூசைச் சேலை, கறுப்புக் குடை, தேய்த்த விரல்.

"வா புள்ள, நோனாகிட்ட போயிட்டு வருவோம்."

எனக்கு ஒரே ஆச்சரியம். "யாருக்குக்கா?"

"ஒனக்குத்தான்."

"எனக்கு ஒண்ணுமில்லையே."

"சும்மா வாயேன். பேசாம ஒக்காந்திருந்தாப் போதும். நான் பாத்துக்கிறேன்."

அந்தக் காலத்து இருமல் விளையாட்டு ஏதோ என்று நினைத்துக்கொண்டு போனேன். நம்பர் கொடுக்கிற பெண்ணிடம் அக்காவே என் பெயரைச் சொன்னார். உள்ளே என்னை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்று, சிங்களத்தில் ஆரம்பித்தார். இந்தப் பிள்ளைக்கு இடது பக்க மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. வலியில்லை. பல மாதமாக இருக்கிறது. முதலில் சின்னதாக இருந்தது. இப்போது மேலே தோலும் சுருங்கியிருக்கிறது. வெட்கத்தில் காட்டமாட்டாள். பார்க்க வேண்டாம், கரைய மருந்து மட்டும் கொடுத்தால் போதும்.

எனக்குக் காது அடைத்துப்போனது. கல்யாணம் பேசிக்கொண்டிருந்த பெண் நான். இது வெளியே போனால் என்ன ஆகும் என்றுதான் முதலில் பதறினேன். திரும்பிப் பார்த்தேன். ஊர் உலகத்தின் நோயையெல்லாம் தன் உடம்பில் தொட்டுக் காட்டுகிற அக்கா, அன்று எங்கேயும் தொடவில்லை. இரண்டு கையும் குடையைப் பிடித்தபடி அப்படியே இருந்தன. பத்து வரியும் இல்லை. நான் தங்கமான பிள்ளை என்றுகூடச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதற்றம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம்தான் மிஞ்சியது.

நோனா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார்.

பழக்கத்தில் அக்கா கதவுப் பக்கம் திரும்பினார்.

"நீங்க இல்லம்மா. தங்கச்சி."

நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்தார். பிடித்ததை விடவும் மறந்துபோனார். நான்தான் மெதுவாக விடுவித்துக்கொண்டு, அவர் தோளைத் தொட்டு ஸ்டூலில் உட்காரவைத்தேன். அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அக்கா அதற்குப் பிறகு பல வருடம் இருந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பிந்தித்தான் வந்திருக்கிறீர்கள், ஆனாலும் வந்துவிட்டீர்கள் என்றாராம் நோனா. ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதியதும் அவர்தான், ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டு வைத்து விசாரித்ததும் அவர்தான். வெட்டி எடுத்தார்கள், கொழும்புப் பக்கம் அனுப்பி மருந்து ஏற்றினார்கள், தலைமுடி கொட்டி மறுபடி நரையாக முளைத்தது. வார்ட்டில் கிடந்தபோதும் அக்கா சும்மா கிடக்கவில்லை. அக்கம் பக்கத்துக் கட்டில் தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் சிங்களம் பேசிக்கொடுத்திருக்கிறார். ஒரு வித்தியாசம் மட்டும் இருந்ததாக அக்காவின் மகள் சொன்னாள். "நீ சொன்னத மட்டும்தான் சொல்லுவேன். சேக்க மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவாராம். பிறகு மகளோடு வத்தளைக்குப் போய், அங்கேயே வயதாகிக் கண்ணை மூடினார். போவதற்கு முன்னால், எனக்குக் கல்யாணமாகி டவுனுக்கு வந்த புதிதில், ஒரு தரம் வீட்டுக்கு வந்திருந்தார். என் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "யாருகிட்ட காட்டுற?" என்று கேட்டார். நோனாவிடம் என்றேன். குழந்தையின் முகத்துக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுவிட்டார்.

அன்றைக்கு அந்த மாடியில் நான் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் குடை என் மடிக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. உள்ளே அக்கா சிங்களத்தில் ஏதோ தொடங்கினார். அந்தப் பிள்ளை என்று ஆரம்பித்து நின்றுபோனது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நின்றது. நோனா அவசரப்படுத்தவில்லை. அப்புறம் கேட்டது தமிழ். லயத்துத் தமிழ், கடைசிக் காம்பரா வாசலில் கேட்கிற அதே குரலில்.

"எனக்குத்தாங்க நோனா. எனக்குப் பயமா இருக்கு."

ஒரு லயத்துக்கே சிங்களம் பேசியவருக்கு, தனக்கென்று பேச அதில் ஒரு சொல்கூட வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "காட்டுங்கம்மா, பயப்படாம காட்டுங்க" என்று நோனாவின் அரைகுறைத் தமிழ் பதில் சொல்வது கேட்டது. திரைச்சீலை இழுபடும் சத்தமும் கேட்டது.

நம்பர் கொடுக்கிற பெண் என்னைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒங்க நம்பர்தானே உள்ள? நீங்க ஏன் வெளியில இருக்கீங்க?"

"அது என் நம்பர் இல்ல. உள்ள இருக்கிறவங்களோடது. பேர மாத்தி எழுதுங்க" என்றேன்.

அவள் என் பெயரை வெட்டிவிட்டு, பேனாவோடு நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க பேரு?"

அக்கா என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பிறகு என் வாழ்நாளில் முதல் தடவையாக, அக்காவின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.